கறுப்பு அறையில் ஒரு வெள்ளைக் கோடு

லிஃப்ட் கதவு மூடியதும் அண்ணி சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மாடி வந்து சேர்வதற்குள் கிடைக்கிற தூக்கமும் தூக்கம்தான் என்கிற நிலைக்கு அவள் வந்து சில நாட்களாகின்றன.

"நின்னுக்கிட்டே தூங்கறது குதிரைங்க பழக்கம் அண்ணி," என்றான் ரேடியோ.

"குதிரைக்கு உன்னை மாதிரி ஒரு கொழுந்தன் கிடையாது. அது நிம்மதியா தூங்கும்."

துப்பறியும் நிறுவனத்தை ஆரம்பித்தவர் அவள் கணவர். அவர் போன பிறகு பெயர்ப்பலகையைக் கழற்ற மனம் வராமல் இவள் நடத்த ஆரம்பித்தாள். கணவரின் தம்பி உதவிக்கு வந்தான். வாய் ஓயாது என்பதால் ஊரே அவனை ரேடியோ என்றது. அவன் "அண்ணி, அண்ணி" என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, வழக்கோடு வருகிறவர்களும் போலீஸ்காரர்களும், ஏன், பிடிபட்ட திருடர்களும்கூட அவளை அண்ணி என்றே அழைத்தார்கள். கோபித்துக்கொள்ளும் தெம்பு அவளுக்கு இல்லை.

லிஃப்ட் ஒரு குலுக்கலோடு நின்றது. வாசலிலேயே முதலாளி காத்திருந்தார்.

அது செயற்கைக் கால் செய்யும் பட்டறை. முழங்காலுக்குக் கீழே வரும் தண்டைப் புதுவிதமான கலவையில் வார்த்திருந்தார்கள். பாதி கனம், பாதிப் பருமன், ஆனால் பழைய தண்டைவிட உறுதி என்று சொல்லிக்கொண்டார்கள். முதல் தண்டைப் போட்டுப் பார்த்தவன் பட்டறையில் அச்சு வார்க்கிற அச்சுக்காரன். இளம் வயதிலேயே ஒரு காலை இழந்தவன். போட்ட அன்றைக்கே, சுண்ணாம்பு மூட்டையோடு படி ஏறுகையில் தண்டு முறிந்து, படியில் உருண்டு, இடுப்பெலும்பு உடைந்து, இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

"கண்டுபிடிச்சீங்களா?" என்றார் முதலாளி.

"இப்பதான் சார் லிஃப்டே திறந்திருக்கு," என்றான் ரேடியோ.

"எனக்குத் தெரிஞ்சதை நேத்தே சொல்லிட்டேன். இந்தப் பட்டறையில பங்கு வெச்சிருந்த என் பழைய பங்காளி எதிர்த்தெருவுல இதே தொழில் பண்றான். இந்தக் கலவை ஜெயிச்சா அவன் கடையைச் சாத்த வேண்டியதுதான். இங்கே இருக்கற கெமிஸ்ட்டை அவன் கைக்குள்ள போட்டுக்கிட்டான். சாயங்காலம் நான் ஸ்டேஷனுக்குப் போகப்போறேன், அந்தம்மா பேரைக் குடுக்க."

"விழுந்தது அவங்க கூடப் பிறந்த தம்பி சார்," என்றாள் அண்ணி.

"அதனாலதான் யாரும் சந்தேகப்படமாட்டாங்கன்னு பண்ணியிருக்கா."

அண்ணி அவரைத் தாண்டி உள்ளே நடந்தாள். இப்படிப் பேசுகிறவர்களிடம் வாதாடினால் நேரம்தான் போகும், பேச்சு குறையாது.

கலவை அறை முழுக்கக் கறுப்பு. கதவுக் கைப்பிடி, சுவிட்ச், நாற்காலி முதுகு, காலண்டரின் ஓரம் என்று கைபட்ட இடமெல்லாம் மை ஏறியிருந்தது. நடுவில் ஒரு முக்காலியில் கெமிஸ்ட் உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தொடுகிற பெண். நகக்கண்ணில்கூடக் கறுப்பு. அழுது முடித்த முகம் இல்லை அது. அழுவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த முகம்.

"சொல்லுங்கம்மா. எனக்குப் படிப்பு கம்மி, இவனுக்குப் பொறுமை கம்மி. அதுக்குத் தகுந்த மாதிரி சொல்லுங்க."

கெமிஸ்ட் ஒரு குப்பியை எடுத்துக் காட்டினாள். உள்ளே கரி போல ஒரு தூள். "கார்பன் நானோகுழாய். முடியைப் பல்லாயிரமாப் பிளந்தா எவ்வளவு சன்னமோ அவ்வளவு சன்னம். தனித்தனியா நின்னா இதை அடிச்சுக்க ஆள் கிடையாது. ஆனா தனித்தனியா நிக்காது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கட்டியாயிடும். கட்டி இருக்கற இடத்துலதான் விரிசல் ஆரம்பிக்கும்."

"எங்க சொந்தக்காரங்க மாதிரி," என்றான் ரேடியோ. "எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே மூலையில கூடி நின்னுக்குவாங்க. ஒரு நாற்காலி நகர்த்தித் தர ஆள் கிடைக்காது."

அவள் முகத்தில் லேசாக ஏதோ அசைந்தது. "அவங்களைப் பிரிச்சு ஆளுக்கொரு வேலை குடுக்க ஒருத்தர் வேணும்ல? அதுதான் இந்தப் பாலிமர். நீளமான சங்கிலி மாதிரி. ஒவ்வொரு குழாயையும் சுத்திக்கிட்டு, பக்கத்துக் குழாயோட ஒட்டவிடாது. இன்னொரு பக்கம் தண்டு வார்க்கற பிசினைப் பிடிச்சுக்கும். அப்பதான் பாரம் எல்லாக் குழாய்க்கும் பங்காகும். பார்க்கத் தேன் மாதிரி இருக்கும். பட்டறையில எல்லாரும் தேன்னுதான் சொல்வாங்க."

"கடையில கிடைக்குமா?"

"கிடையாது. நானே செய்யறது. மாசக்கணக்குல ஆகும். அதோ அந்த டின்ல இருக்கறதுதான் எல்லாமே."

அண்ணி திரும்பிப் பார்த்தாள். மையேறிக் கறுத்துப்போன ஓர் அலமாரி, அதன் மேல்தட்டில் டின். பார்த்துக்கொண்டே நின்றாள். ரேடியோவும் பார்த்தான்.

"அண்ணி, இந்த ரூம்லயே குளிச்ச மாதிரி இருக்கறது அது ஒண்ணுதான்."

டின்னின் வாயிலிருந்து ஏதோ வழிந்து, அலமாரிக் கதவில் ஒரு கோடாக இறங்கியிருந்தது. அந்தக் கோடு மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"உங்க தேன் வழிஞ்சா எப்படிக் காயும்?"

"கண்ணாடி மாதிரி இறுகிடும். மஞ்சளா ஒரு படலம் நிக்கும். சுரண்டித்தான் எடுக்கணும்."

அண்ணி டின்னை இறக்கினாள். கைப்பிடியைத் தொட்டதிலிருந்து அவள் விரல்களும் கறுத்திருந்தன. டின்னிலிருந்து ஒரு சொட்டை விரலில் விட்டுத் தேய்த்து, குழாயடியில் காட்டினாள். கறுப்பு கரைந்து போயிற்று.

"பாத்திரம் கழுவற சோப்பு," என்றாள்.

கெமிஸ்ட் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்: "சோப்பும் குழாயைப் பிரிக்கும். கலந்து வர்ற கறுப்பு மை பார்க்க அதே மாதிரி வழுவழுன்னு இருக்கும். ஆனா பிசினைப் பிடிக்காது. பாரம் ஏறினா உள்ளே வழுக்கும்."

"பிரிச்சு வைக்கும், சேர்த்து வைக்காது," என்றான் ரேடியோ. "எங்க பெரிய சித்தப்பாவே டின்ல இறங்கின மாதிரி இருக்கு."

கதவருகே நின்ற முதலாளி கையைத் தட்டினார். "பாத்தீங்களா? தேனை எடுத்துட்டு சோப்பை ஊத்தியிருக்காங்க. பங்காளி வேலைதான். இவதான் கதவைத் திறந்து விட்டிருக்கா."

அண்ணி கெமிஸ்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல மாத உழைப்பைத் திருடி சோப்பை ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "யார்?" என்றுதான். இவள் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் போகாமலே எங்கேயோ போய் நின்றுவிட்டவள் போல இருந்தாள்.

"தேன் எங்கே போச்சு?" என்றாள் அண்ணி.

"பங்காளி வீட்டுல இருக்கும்," என்றார் முதலாளி.

"உங்க வாசல்ல காவலாளி என் கைப்பையையே கவுத்துக் கொட்டிப் பார்த்தார். வரும்போதும் பார்த்தார், நேத்து போகும்போதும் பார்த்தார். ஒரு டின் தேனை யாரும் வெளியில கொண்டுபோயிருக்க முடியாது."

"அப்ப இங்கேயே கொட்டியிருப்பான்."

"கொட்டினா கண்ணாடி மாதிரி இறுகும்னு இப்பதானே சொன்னாங்க. இந்தத் தொட்டியில தண்ணி சலசலன்னு போகுது. மத்தது எல்லாம்?"

ரேடியோ ஒரு சுற்றுப் போய் வந்தான். "எல்லாத் தொட்டியும், கக்கூஸும் பார்த்துட்டேன் அண்ணி. தண்ணி தடையில்லாம போகுது. இந்தத் தொழிலுக்கு வந்ததுக்கு எனக்குக் கிடைச்ச மரியாதை இது."

அண்ணி முக்காலி ஒன்றை இழுத்து உட்கார்ந்தாள். முழங்கால் விண்விண் என்று தெறித்தது. யோசிப்பதற்காக உட்கார்ந்தாளா, உட்கார்வதற்காக யோசித்தாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எதிரியா இருந்தா கொட்டியிருப்பான். திருடனா இருந்தா கொண்டுபோயிருப்பான். ரெண்டும் நடக்கலை. இது கெட்டுடக் கூடாதுன்னு நினைக்கற ஒருத்தர்தான் எடுத்து வெச்சிருக்கார். ஏம்மா, தேனை எப்படி வைக்கணும்?"

"வெளிச்சம் படக்கூடாது," என்றாள் கெமிஸ்ட் மெதுவாக. "சூடும் ஆகக்கூடாது."

"இந்த மாடியிலேயே இருட்டான, குளிர்ச்சியான இடம் எது?"

அச்சறை. ஜன்னலே இல்லாத அறை. சுண்ணாம்பு வார்ப்புகள் வரிசையாக நின்றன. உள்சுவரில் ஆணியடித்து, கால்கள் தொங்கின. மரக்கால், அலுமினியக் கால், பிளாஸ்டிக் கால் என்று ஒரு சுவர் நிறைய.

"எல்லாம் தம்பிக்குச் செஞ்சது," என்றாள் கெமிஸ்ட். "ஒவ்வொண்ணுலயும் ஏதோ ஒரு குறை. தூக்கிப்போட மாட்டேன்னுட்டான்."

ரேடியோ ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. மூலையிலிருந்த பழைய பிளாஸ்டிக் காலைத் தூக்கியதும் ரேடியோ நின்றான்.

"அண்ணி, இந்தக் கால் மட்டும் முழுகாம இருக்கு."

உள்ளே பஞ்சு அடைத்திருந்தது. பஞ்சுக்குள் ஒரு பாட்டில். கறுப்புக் காகிதத்தில் சுற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, குழந்தையைப் போர்த்தியது போல வைத்திருந்தார்கள். கெமிஸ்ட் அதைக் கையில் வாங்கினாள். பிரித்துப் பார்க்கவில்லை. கனத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த ரூம் சாவி?" என்றாள் அண்ணி.

முதலாளிதான் சொன்னார், குரல் இறங்கி: "அச்சுக்காரன்கிட்ட மட்டும்தான்."

கெமிஸ்ட்டையும் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். முதலாளி பட்டறையிலேயே இருந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் பெயர் வேண்டும் என்று மட்டும் சொல்லியனுப்பினார். வார்டு வாசலில் கெமிஸ்ட் நின்றுவிட்டாள். "நீங்க முதல்ல போங்க. நான் வரேன்," என்றாள். பாட்டிலை மார்போடு அணைத்தபடி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அச்சுக்காரன் மல்லாந்து படுத்திருந்தான். அக்காவின் அதே நெற்றி, அதே கறுத்த நகங்கள். அண்ணி படுக்கை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

"பாட்டில் கிடைச்சுது தம்பி."

அவன் கூரையைப் பார்த்தபடியே கேட்டான். "கெட்டுப்போகலையே?"

"இல்லை. நல்லா சுத்தி வெச்சிருந்தீங்க."

"கொட்டத்தான் எடுத்தேன். முடியலை. அவ அதைச் செய்யறதைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான்."

"எதுக்கு மாத்துனீங்க?"

அவன் சொல்லத் தொடங்கினான். ஏற்கெனவே மனதுக்குள் பலதடவை சொல்லிப் பார்த்த பேச்சு என்று தெரிந்தது.

"அவ ஓட்டின வண்டியிலதான் பின்னாடி உக்காந்திருந்தேன். மழை. வண்டி சறுக்கிடுச்சு. யார் தப்பும் இல்லை. ஆனா அன்னைக்கு ஆரம்பிச்சவ இன்னைக்கு வரைக்கும் எனக்குக் கால் செஞ்சுக்கிட்டே இருக்கா. வெளிநாட்டுல ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல வா வான்னு கூப்பிடறாங்க. இந்தக் கால் முடியட்டும்கறா. இது முடிஞ்சதும் இதைவிட நல்லதா ஒண்ணுன்னு ஆரம்பிப்பா. இந்தக் கலவையும் தோத்துட்டா கைவிட்டுடுவான்னு நினைச்சேன். மெஷின்ல சோதிக்கறப்போ மாதிரித் துண்டு உடையும், யாருக்கும் அடிபடாம முடிஞ்சிடும்னு கணக்குப் போட்டேன்."

"சோதிக்கலையா?"

"முதலாளிக்கு அவசரம். கண்காட்சிக்கு ஆள் வராங்க, சோதனை அப்புறம் பார்த்துக்கலாம், தண்டை வார்த்துடுன்னுட்டார். அந்த மையை என் கையிலதான் குடுத்தாங்க. நான்தானே அச்சுல ஊத்தணும்."

"அப்பவே வாயைத் திறந்திருக்கலாமே."

"திறந்திருக்கலாம். திறக்கலை."

ரேடியோ ஜன்னலில் சாய்ந்து நின்றான். "நீங்க போட்டுப் பார்த்தீங்க, சரி. அந்தத் தண்டு உண்மையில யாருக்கு?"

"ஒரு பஸ் கண்டக்டர் அம்மாவுக்கு. நாள் பூரா ஓடற பஸ்ஸுல நிக்கறவங்க. அடுத்த தண்டுதான் எனக்கு."

அண்ணி தலையசைத்தாள். "உங்க பட்டறையில லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது தம்பி. நான் அதுலதான் போய் வந்தேன். அப்புறம் எதுக்கு ஒத்தைக் கால் ஆளு சுண்ணாம்பு மூட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் படி ஏறினாருன்னு எனக்குக் காலையிலேர்ந்து உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நீங்க அதை உடைக்கத்தான் ஏறியிருக்கீங்க."



"அந்தம்மா கால்ல மாட்டறதுக்குள்ள உடையணும்னு நினைச்சேன்," என்றான் அச்சுக்காரன். "சீக்கிரம் உடையும்னு பார்த்தேன். உடையலை. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எனக்கு மூச்சு முட்டினதுதான் மிச்சம். சோப்பு போட்டும் அவ்வளவு தாங்குச்சு. அக்கா செஞ்சதாச்சே." சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. அதை மறைக்கவும் அவன் முயலவில்லை.

கதவருகே நிழல் அசைந்தது. கெமிஸ்ட் எப்போது வந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"நுரை வந்துச்சு," என்றாள்.

மூவரும் திரும்பினார்கள்.

"மை கலக்கறப்போ நுரை வந்துச்சு. தேன்ல நுரை வராது. வேற எந்த நாளா இருந்தாலும் அத்தனையும் கீழ கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருப்பேன். அன்னைக்கு முடியலை. குப்பி சரியா கழுவலை போலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முதலாளி சோதனை வேணாம்னு சொன்னப்போ சண்டை போட்டிருக்கணும். போடலை." அவள் பாட்டிலைப் படுக்கைமேல் வைத்தாள். "முடிஞ்சா போதும்னு இருந்துச்சு. அவ்வளவு அசதி."

அச்சுக்காரன் வாய் திறந்தபடி அவளைப் பார்த்தான். அண்ணிக்கு அந்த முக்காலியும், கேட்கப்படாத "யார்?" என்ற கேள்வியும் இப்போது விளங்கின. யார் மாற்றினார்கள் என்பது கெமிஸ்ட்டுக்கு இரண்டாம் பட்சமாக இருந்திருக்கிறது. தான் பார்த்தும் விட்டோம் என்பதுதான் அவளை உட்கார வைத்திருக்கிறது.

"அக்கா..."

"நீ பேசாதே. என்னை அனுப்பணும்னா வாய் விட்டுச் சொல்றதுக்கென்ன? இடுப்பை உடைச்சுக்கிட்டுத்தான் சொல்லணுமா?"

"சொன்னேனே. வருஷா வருஷம் சொன்னேன். இந்தக் கால் முடியட்டும்னு சொன்னே."

"உனக்காகத்தானேடா."

"எனக்கு இந்தக் கால் வேணாம்க்கா. போன தடவை செஞ்சியே, அந்தக் காலே போதும். அதைப் போட்டுக்கிட்டு நான் நல்லாத்தான் நடக்கறேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடறேன். நீ மைக்குள்ளயே தலையை விட்டுக்கிட்டு இருக்கே. நான் நடக்கறதை நீ பார்த்து எத்தனை நாளாச்சு?"

அவள் படுக்கையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அண்ணியின் கைப்பையில் போன் அடித்தது. முதலாளி. அண்ணி எடுத்துக் காதில் வைத்தாள்.

"சார், உங்க பங்காளிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. தேன் பத்திரமா இருக்கு. கலவையிலயும் குறையில்லை... பேரா?" அவள் நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். தானே சொல்லிவிட்டால் வேலை முடிந்துவிடும், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். ஆனால் அந்தப் பெயர்கள் தன் வாயில் வரவேண்டியவை அல்ல என்று அவளுக்குத் தோன்றியது.

"குடுங்க அண்ணி," என்று அச்சுக்காரன் கையை நீட்டினான். போனை வாங்கி, ஒன்றையும் மழுப்பாமல், முதலிலிருந்து சொன்னான். சோப்பு, பாட்டில், படிக்கட்டு எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும் அக்கா அவன் கையிலிருந்து போனை எடுத்துக்கொண்டாள்.

"சார், நான் பேசறேன். நுரை வந்ததைப் பார்த்தேன். பார்த்தும் விட்டுட்டேன். அவன் பேரோட என் பேரையும் சேர்த்துக்குங்க." மறுமுனையில் சத்தமே இல்லை.

"சோதனை வேணாம்னு சொன்னது யாருன்னு அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்," என்று ரேடியோ அண்ணியின் காதில் முணுமுணுத்தான்.

"ஸ்டேஷனுக்குப் போறதும் போகாததும் உங்க இஷ்டம் சார்," என்று கெமிஸ்ட் தொடர்ந்தாள். "ஆனா எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு. கண்டக்டர் அம்மாவுக்கு ஒரு தண்டு. இருக்கற தேன் அதுக்குப் போதும். மெஷின்ல சோதிச்சு, நான் கையெழுத்துப் போட்டுக் குடுத்த பிறகுதான் அது வெளியில போகும். அதோட நான் நின்னுக்கறேன்... தம்பிக்கா? இல்லை சார். அவனுக்குப் பழைய காலே போதுமாம்."

போனை அண்ணியிடம் கொடுத்தாள். அந்தப் பக்கம் முதலாளி ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தார்.

அச்சுக்காரன் சிரிக்கப் பார்த்தான். இடுப்பு விடவில்லை. கண்ணோரம் வழிந்ததைத் துடைக்கவும் கை எழவில்லை. அக்கா தலையணையைத் தூக்கி அவன் தோளுக்கு வாகாக வைத்தாள். அண்ணி குனிந்து செருப்பைத் தேடினாள்.

"எப்பக்கா கிளம்புவே?" என்று அவன் கேட்பது அவளுக்குக் கேட்டது.

"ஏர்போர்ட்டுக்கு நீ வரணும்டா. என் பெட்டியைத் தூக்கிக்கிட்டு, நடந்து. நான் பார்த்துட்டுப் போறேன்."